காற்றாலை மின்தொகுப்போடு நிலைத்து நிற்க: ஜெனரேட்டர் வகை முதல் களச் சோதனை வரை முழுமையான வழிகாட்டி

எங்கோ தொலைவில் ஒரு 400 கிலோவோல்ட் லைனில் இடி இறங்குகிறது. ரிலே அதைக் கண்டுபிடித்து, பிரேக்கர் திறந்து, பழுதான லைன் தனியாகப் பிரிய 80 முதல் 100 மில்லி விநாடி ஆகும். அதற்குள் பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும் காற்றாலையின் முனையில் மின்னழுத்தம் 20 சதவீதத்துக்கு விழுந்து மறுபடி எழுந்துவிடும். இறக்கைகளுக்கு இது எதுவும் தெரியாது. காற்று அதே வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. உள்ளே வரும் சக்தி குறையவில்லை, வெளியே போகும் வழிதான் அடைபட்டுவிட்டது. மிஞ்சும் சக்தி எங்கே போகும்? காற்றாலையின் நிலைத்தன்மை பற்றிய கேள்விகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன. விடையோ ஜெனரேட்டரின் வகைக்கு வகை மாறுகிறது.

காற்றாலைப் பண்ணையை மின்தொகுப்போடு இணைக்கும் வேலையில் புதிதாக இறங்கும் பொறியாளர்களையும் மின்னியல் மாணவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். பலர் எடுத்த எடுப்பிலேயே கணினி மாதிரியைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்த ஜெனரேட்டர், எவ்வளவு வலுவான மின்தொகுப்பு என்பது தெரியாமல் ஓட்டும் சிமுலேஷனில் கோடுகள் வரும், அர்த்தம் வராது.

தொடங்கும் முன் ஒரு சிறு வரையறை. 2004-ல் மின்துறை வல்லுநர்கள் நிலைத்தன்மையை மூன்றாக வகுத்தார்கள்: ரோட்டார் கோணம், அதிர்வெண், மின்னழுத்தம். 2020-ல் அந்தப் பட்டியலைத் திருத்தி ரெசொனன்ஸ், கன்வெர்ட்டர் ஆகியவற்றால் வரும் இரண்டு வகைகளைக் கூட்டினார்கள். அப்படிக் கூட்ட வேண்டி வந்ததற்குக் காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் முக்கியமான காரணம்.

முதல் படி: உங்கள் காற்றாலைக்குள் இருப்பது எந்த ஜெனரேட்டர்?

பெயர்ப்பலகையைப் பாருங்கள், ஒற்றைக் கம்பி வரைபடத்தைப் பாருங்கள். ஸ்டேட்டர் நேராக மின்மாற்றிக்குப் போகிறதா, கன்வெர்ட்டர் வழியாகப் போகிறதா என்பதே முதல் கேள்வி. இதை வைத்து உலகம் முழுவதும் காற்றாலைகளை வகை 1 முதல் வகை 4 வரை என்று பிரிக்கிறார்கள்.

அனல் நிலையங்களில் இருக்கும் சிங்க்ரோனஸ் ஜெனரேட்டரையே காற்றாலையிலும் நேராக இணைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். செய்து பார்த்திருக்கிறார்கள். 1941-ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மலையில் நிறுவிய 1.25 மெகாவாட் ஸ்மித்-புட்னம் காற்றாலையில் இருந்தது சிங்க்ரோனஸ் ஜெனரேட்டர்தான். சிக்கல் என்னவென்றால், அந்த வகை மின்தொகுப்பின் அதிர்வெண்ணோடு பல்லுக்குப் பல் கோத்ததுபோல ஓடும். காற்று சட்டென்று வீசினால் வேகம் கூட இடமில்லாததால் முழு அடியும் தண்டிலும் கியர்பாக்ஸிலும் இறங்கும். 1957-ல் டென்மார்க்கின் கெட்சரில் யோஹனஸ் யூல் கட்டிய 200 கிலோவாட் காற்றாலை இண்டக்‌ஷன் ஜெனரேட்டரை எடுத்துக்கொண்டது. ஸ்லிப் என்ற சிறு நெகிழ்வு (மின்தொகுப்பின் அதிர்வெண் தரும் வேகத்துக்கும் ரோட்டாரின் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம்) இருந்ததால் அடி கொஞ்சம் மெத்தென்று இறங்கியது. பிற்காலக் காற்றாலைகள் பல பத்தாண்டுகள் நடந்தது அந்தப் பாதையில்தான்.

வகை 1 அந்தப் பாதையின் நேர் வாரிசு. கூண்டு ரோட்டார் இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், கியர்பாக்ஸ், சாஃப்ட் ஸ்டார்ட்டர், கெப்பாசிட்டர் வரிசை, அவ்வளவுதான். 50 ஹெர்ட்ஸில் 4 துருவ இயந்திரம் என்றால் சிங்க்ரோனஸ் வேகம் நிமிடத்துக்கு 1500 சுற்று. முழுச் சுமையில் அதைவிட 1 அல்லது 2 சதவீதம் கூடுதலாக ஓடும். எளிமையான, உறுதியான இயந்திரம். ஆனால் காந்தப்புலத்துக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரை அது மின்தொகுப்பிடமிருந்துதான் வாங்க வேண்டும். சொந்தமாக உண்டாக்கத் தெரியாது.

மின்னழுத்தம் விழும்போது இந்தக் குறை வெளியே வரும். இண்டக்‌ஷன் இயந்திரத்தின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதம். இயல்பான நிலையில் முழுச் சுமையைப்போல 2 மடங்கு உச்ச முறுக்குவிசை தரக்கூடிய இயந்திரம், மின்னழுத்தம் 60 சதவீதத்துக்கு இறங்கினால் 0.72 மடங்குதான் தரும். காற்று முழு விசையில் தள்ளுகிறது, பிடித்து நிறுத்த ஆள் இல்லை, ரோட்டார் வேகமெடுக்கும். கணக்கு எளிது. நிலைம மாறிலி, அதாவது சுழலும் பாகங்களில் தேங்கிய ஆற்றல் முழுத் திறனை எத்தனை விநாடி தரும் என்ற அளவு, 3.5 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மின் முறுக்குவிசை அறவே இல்லாமல் 150 மில்லி விநாடி கடந்தால் வேகம் 2.1 சதவீதம் ஏறும், 300 மில்லி விநாடி என்றால் 4.3 சதவீதம். இயல்பான ஸ்லிப்பே 1 அல்லது 2 சதவீதம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பழுது நீங்கி மின்னழுத்தம் திரும்பும் நேரத்தில் ஸ்லிப் பெரிதாக இருப்பதால் இயந்திரம் ரியாக்டிவ் பவரை அள்ளிக் குடிக்கும். அது குடிக்கக் குடிக்க முனையின் மின்னழுத்தம் எழ முடியாது. மின்னழுத்தம் எழாததால் வேகம் அடங்காது. ஒரு கட்டத்தைத் தாண்டினால் திரும்ப வரவே முடியாது. அதற்குள் பழுது நீங்கியாக வேண்டிய நேரம்தான் கிரிட்டிகல் கிளியரிங் நேரம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே போட்ட கணக்கு இறக்கையையும் ரோட்டாரையும் ஒரே கட்டியாகக் கொள்கிறது. உண்மையில் காற்றாலையின் தண்டு மென்மையானது. முழுச் சுமையில் அது முறுக்கிய கயிறுபோல நிற்கிறது. ஜெனரேட்டரின் பிடி தளர்ந்ததும் அந்த முறுக்கு அவிழ்ந்து, எடை குறைந்த ஜெனரேட்டர் ரோட்டாரை முன்னால் தூக்கி எறியும். ஆகவே ஜெனரேட்டரின் வேகம் ஒரே கட்டியாகப் போட்ட கணக்கைவிட வேகமாக ஏறும். வகை 1-ஐ ஆராயும்போது இரண்டு கட்டி மாதிரிதான் வேண்டும். ஒரே கட்டி மாதிரி 'பிழைக்கும்' என்று சொல்லும் இயந்திரம் களத்தில் கழன்றுவிடக்கூடும்.

வகை 2-ஐச் சீக்கிரம் கடக்கலாம். சுற்று ரோட்டாரில் மாறும் மின்தடை ஒன்றை மின்னணு முறையில் சேர்த்து, ஸ்லிப்பை 10 சதவீதம் வரை விட்டுக்கொடுக்க வைத்தார்கள். தண்டுக்கு நிம்மதி கிடைத்தது. ரியாக்டிவ் பவர் தேவை அப்படியே இருந்தது.

வகை 3 பெரும் திருப்பம். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டிஎஃப்ஐஜி என்று எல்லோரும் அழைப்பது இதைத்தான். ஸ்டேட்டர் நேராக மின்தொகுப்பில், ரோட்டார் மட்டும் கன்வெர்ட்டர் வழியாக. வேகத்தைச் சிங்க்ரோனஸ் வேகத்துக்கு மேலும் கீழும் 30 சதவீதம் வரை மாற்றலாம், ஆனால் கன்வெர்ட்டரின் அளவு மொத்தத் திறனில் சுமார் 30 சதவீதம் இருந்தால் போதும். 5 மெகாவாட் காற்றாலைக்கு ஏறத்தாழ 1.5 மெகாவாட் கன்வெர்ட்டர். விலை குறைவு, இழப்பு குறைவு, ரியாக்டிவ் பவரையும் கட்டுப்படுத்தலாம். சாதாரண நாளில் எனக்குத் தெரிந்தவரை இதைவிட அழகான ஏற்பாடு இல்லை.

ஆனால் பழுது வரும் நேரத்தில் அந்தச் சிறிய கன்வெர்ட்டர்தான் பலவீனம். மின்னழுத்தம் திடீரென்று விழும்போது ஸ்டேட்டரின் காந்தப்பாயம் உடனே மறைய முடியாது. சுழல்வதை நிறுத்தி, நின்ற இடத்தில் உறைந்து, மெல்லத் தேயும். உறைந்த அந்தப் பாயத்தை ரோட்டார் முழு வேகத்தில் வெட்டிக்கொண்டு ஓடுகிறது. ஸ்லிப் எதிர்மறை 0.2 என்று வையுங்கள், அதாவது சிங்க்ரோனஸ் வேகத்தைவிட 20 சதவீதம் கூடுதல் ஓட்டம். இயல்பு மின்னழுத்தத்தை 1 அலகு என்று கொண்டால், சாதாரணமாக ரோட்டாரில் தூண்டப்படும் மின்னழுத்தம் 0.2 அலகு. மின்தொகுப்பின் மின்னழுத்தம் முற்றாக விழுந்த கணத்தில் அது 1.2 அலகு வரை போகும். ஆறு மடங்கு! 30 சதவீத அளவுக்குக் கட்டிய கன்வெர்ட்டர் இதைத் தாங்காது. கரண்ட் கட்டுப்பாட்டை மீறிப் பாயும், கன்வெர்ட்டரின் நடுவில் உள்ள நேர்மின் பகுதியான டிசி இணைப்பின் மின்னழுத்தம் எகிறும்.

அதற்குத்தான் குரோபார். ரோட்டாரை மின்தடைகள் வழியாகக் குறுக்கே இணைத்துக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றும் சுற்று அது. குரோபார் பிடித்திருக்கும்வரை வகை 3 இயந்திரம் கட்டுப்பாடில்லாத இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்தான், ரியாக்டிவ் பவரைத் தருவதற்குப் பதில் கேட்கும். ஆகவே நீங்கள் தயாரிப்பாளரிடம் கேட்க வேண்டியது: குரோபார் எந்த அளவில் பிடிக்கிறது, எத்தனை மில்லி விநாடியில் விடுகிறது, மிஞ்சும் சக்தியை மின்தடையில் எரிக்கும் டிசி சாப்பர் இருக்கிறதா? சாப்பர் உள்ள புதிய வடிவமைப்புகளில் குரோபாரின் உதவி பல பழுதுகளுக்குத் தேவைப்படாது.

வகை 4-ல் ஜெனரேட்டர் மின்தொகுப்பைத் தொடுவதே இல்லை. முழுத் திறனும் கன்வெர்ட்டர் வழியாகப் போகிறது. உள்ளே நிரந்தரக் காந்தம் இருக்கலாம், மின்னூட்டிய சிங்க்ரோனஸ் இயந்திரம் இருக்கலாம், இண்டக்‌ஷன்கூட இருக்கலாம். மின்தொகுப்பின் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுதான், அது பார்ப்பது கன்வெர்ட்டரை மட்டுமே. பழுதின்போது மிஞ்சும் சக்தியை சாப்பர் மின்தடையில் வெப்பமாக எரித்துவிடலாம். கொஞ்சம் ரோட்டாரின் வேகத்தில் தேக்கிக்கொள்ளவும் முடியும். இங்கே சிக்கல் இடம் மாறுகிறது. சிங்க்ரோனஸ் ஜெனரேட்டர் பழுதின்போது தன் அளவைப்போல 5 மடங்குக்கும் மேல் கரண்ட் தள்ளும். கன்வெர்ட்டரோ 1.1 முதல் 1.2 மடங்கில் நின்றுவிடும், அதற்கு மேல் போனால் அதன் குறைக்கடத்திகள் கருகிவிடும். பழுது கரண்டை நம்பி அமைத்த ரிலேக்கள் பழுதையே பார்க்காமல் போக வாய்ப்புண்டு. பாதுகாப்புப் பொறியாளரை இந்தக் கட்டத்திலேயே அழைத்துப் பேசிவிடுங்கள்.

ஹைட்ராலிக் கியர் மூலம் வேகத்தை மாற்றி, சிங்க்ரோனஸ் ஜெனரேட்டரை நேராக இணைக்கும் ஏற்பாடும் உண்டு. வகை 5 என்பார்கள். நிலைத்தன்மைக்கு நல்லது, ஆனால் பரவலாகவில்லை.

இரண்டாம் படி: மின்தொகுப்பு எவ்வளவு வலுவானது?

இணைப்புப் புள்ளியின் ஷார்ட் சர்க்யூட் திறனை, அதாவது அங்கே பழுது வந்தால் மின்தொகுப்பு எவ்வளவு தள்ளும் என்பதை எம்விஏ-வில் சொல்லும் அளவை, பண்ணையின் மெகாவாட் அளவால் வகுங்கள். 600 எம்விஏ உள்ள இடத்தில் 200 மெகாவாட் பண்ணை என்றால் விகிதம் 3. பொதுவாக 3-க்குக் கீழே பலவீனம், 2-க்குக் கீழே மிகவும் பலவீனம் என்று கொள்ளலாம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அதே துணைநிலையத்தில் இன்னொரு 200 மெகாவாட் பண்ணை வந்தால் உங்களுக்கு உண்மையில் மிஞ்சுவது 1.5தான். தன் பண்ணையை மட்டும் கணக்கில் வைத்து '3 இருக்கிறது, போதும்' என்று நிம்மதியாக இருப்பது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. பக்கத்துப் பண்ணைகள், இனி வரப்போகிறவை, எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிடுங்கள். முக்கியமான ஒரு லைன் பழுதுபார்ப்புக்காக அணைந்திருக்கும் நாளில் விகிதம் எவ்வளவு என்பதையும் போட்டுப் பாருங்கள். மிகக் குறைந்த எண்ணை வைத்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

இந்த விகிதம் என்ன சொல்கிறது? இரு முனையிலும் மின்னழுத்தம் இயல்பாக இருக்கும்போது முழுத் திறனை அனுப்பத் தேவைப்படும் கோணத்தைப் பாருங்கள். விகிதம் 10 என்றால் சுமார் 6 டிகிரி. 3 என்றால் 19.5 டிகிரி. 1.5 என்றால் 42 டிகிரி. 1 என்றால் 90, அதாவது விளிம்பு. இப்போது 1.5 உள்ள இடத்தில் தொலைதூர மின்னழுத்தம் 60 சதவீதத்துக்கு விழட்டும். அனுப்பக்கூடிய அதிகபட்சம் 0.9 ஆகிவிடும். முழுத் திறனை அப்போதும் தள்ளுவேன் என்று கன்வெர்ட்டர் அடம் பிடித்தால் அதற்குச் சமநிலைப் புள்ளியே கிடையாது. மின்தொகுப்பின் கோணத்தைத் தொடர்ந்து கணித்துக்கொண்டே இருக்கும் பிஎல்எல் சுற்று தடம் புரளும்.

பிஎல்எல் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அது இணைப்பு முனையின் மின்னழுத்தத்தைப் பார்த்துக் கோணத்தைக் கணிக்கிறது. பலவீனமான மின்தொகுப்பில் அந்த மின்னழுத்தத்தைப் பெருமளவு தீர்மானிப்பதே கன்வெர்ட்டர் அனுப்பும் கரண்ட்தான். தன் நிழலைப் பார்த்தே வழி கண்டுபிடிப்பதுபோல. வலுவான இடத்தில் பிஎல்எல் வேகமாக இருப்பது நல்லது, பலவீனமான இடத்தில் அதே வேகம் அலைவைக் கிளப்பும். ஓரிடத்தில் நன்றாக ஓடிய அமைப்பை இன்னோர் இடத்துக்கு அப்படியே நகலெடுக்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

மூன்றாம் படி: அமைதியான நாளின் ரியாக்டிவ் பவர் கணக்கு

காற்று இல்லாத இரவு, முழுக் காற்று அடிக்கும் பகல், இரண்டுக்கும் லோட் ஃப்ளோ ஓட்டுங்கள். இரவில் பண்ணைக்குள் இருக்கும் கேபிள்களே ரியாக்டிவ் பவரை உற்பத்தி செய்து மின்னழுத்தத்தை ஏற்றும். பகலில் மின்மாற்றிகளும் லைனும் அதைத் தின்றுவிடும். மின்னழுத்த மாற்றம் என்பது தோராயமாக மின்தடை பெருக்கல் ஆக்டிவ் பவரும், ரியாக்டன்ஸ் பெருக்கல் ரியாக்டிவ் பவரும் சேர்ந்த கூட்டல். மின்தடை அதிகமுள்ள நீண்ட நடுத்தர அழுத்த லைனில் ரியாக்டிவ் பவரை மட்டும் திருகி மின்னழுத்தத்தைச் சரிசெய்ய முடியாது. வகை 1 பண்ணைக்கு கெப்பாசிட்டரோடு, மின்னணு முறையில் ரியாக்டிவ் பவர் தரும் ஸ்டாட்காம் ஒன்றும் தேவைப்படலாம். கெப்பாசிட்டர் தரும் உதவியும் மின்னழுத்தத்தின் இருமடிக்குத்தான் போகும். மிகவும் வேண்டிய நேரத்தில் அது குறைவாகத்தான் கொடுக்கும். ஸ்டாட்காம் குறைந்த மின்னழுத்தத்திலும் தன் கரண்டைக் குறைக்காது.

நான்காம் படி: பழுதைத் தாங்கி நிற்கிறதா?

ஒரு காலத்தில் விதி தலைகீழாக இருந்தது: மின்னழுத்தம் விழுந்தால் காற்றாலை உடனே கழன்றுவிட வேண்டும். மொத்த உற்பத்தியில் காற்றின் பங்கு சிறிதாக இருந்தவரை அதில் சேதமில்லை. பங்கு வளர்ந்ததும், ஒரு சாதாரணப் பழுதில் நூற்றுக்கணக்கான மெகாவாட் ஒரேயடியாக மறையும் ஆபத்து வந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஜெர்மனி போன்ற நாடுகள் விதியைத் திருப்பி எழுதின: விழுந்தாலும் இணைந்தே இரு. இன்று பல நாடுகளின் விதி, மின்னழுத்தம் பூஜ்யத்துக்கே போனாலும் 150 மில்லி விநாடி கழலாமல் நிற்கச் சொல்கிறது. நிற்பது மட்டும் போதாது, ரியாக்டிவ் கரண்டையும் தர வேண்டும். ஜெர்மன் விதியில் பிரபலமான அளவு, மின்னழுத்தம் 1 சதவீதம் குறைந்தால் 2 சதவீத ரியாக்டிவ் கரண்ட். பாதியாக விழுந்தால் கன்வெர்ட்டரின் முழு கரண்டும் ரியாக்டிவுக்கே போய்விடும்.

உங்கள் விதியின் வளைவை வரைந்து, ஒவ்வொரு ஆழத்துக்கும் சோதியுங்கள். மூன்று கட்டப் பழுதோடு நிறுத்திவிடாதீர்கள். களத்தில் அதிகம் வருவது ஒரு கட்டம் நிலத்தைத் தொடும் பழுது. அப்போது மூன்று கட்டங்களும் சமமில்லாமல் போவதால் வரும், எதிர்த்திசையில் சுழலும் எதிர்வரிசைக் கூறு வகை 3-ஐ மிகவும் படுத்தும்.

அப்புறம், எல்லோரும் மறக்கும் கேள்வி: அடுத்தடுத்து எத்தனை முறை தாங்கும்? 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியாவில் புயல் உயர் அழுத்த லைன்களைச் சாய்த்தது. சுமார் 2 நிமிடத்துக்குள் 6 மின்னழுத்தச் சரிவுகள். ஒவ்வொன்றையும் தனித்தனியே தாங்கக்கூடிய காற்றாலைகள்தான் அங்கே இருந்தன. ஆனால் 'குறிப்பிட்ட நேரத்துக்குள் இத்தனை முறைக்கு மேல் வந்தால் கழன்றுவிடு' என்ற உள் அமைப்பு ஒன்று இருந்தது. 9 பண்ணைகளில் மொத்தம் 456 மெகாவாட் குறைந்தது. அந்தப் பளு முழுவதும் பக்கத்து மாநிலத்தோடு இருந்த இணைப்பின்மேல் விழுந்து அதுவும் துண்டிக்கப்பட, மாநிலமே இருளில் மூழ்கியது. எத்தனை முறை என்ற அந்த எண்ணை மின்தொகுப்பை இயக்குபவர்கள் முன்பே அறிந்திருக்கவில்லை என்பதுதான் என்னை இன்றும் வருத்துகிறது. கையேட்டின் எங்கோ ஓர் அட்டவணையில் அது இருக்கும். கேட்டு வாங்கி எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: அதிர்வெண்ணுக்கு என்ன உதவி?

அனல், நீர் நிலையங்களின் கனத்த ரோட்டார்கள் மின்தொகுப்பின் அதிர்வெண்ணோடு கட்டுண்டு சுழல்கின்றன. எங்கோ ஒரு நிலையம் நின்றால் அவை தானாகவே தம் இயக்க ஆற்றலைக் கொடுத்து அதிர்வெண் விழுவதைத் தாமதப்படுத்தும். 20,000 மெகாவாட் இயங்கும் தொகுப்பு, நிலைம மாறிலி 5 விநாடி, இழப்பு 1000 மெகாவாட் என்றால் அதிர்வெண் விநாடிக்கு 0.25 ஹெர்ட்ஸ் என்ற வேகத்தில் இறங்கத் தொடங்கும். அந்த இயந்திரங்களில் பாதியை வகை 4 காற்றாலைகள் எடுத்துக்கொண்டால் நிலைமம் பாதியாகி, வேகம் 0.5 ஆகும். வகை 4-ன் ரோட்டாரிலும் கனம் இருக்கிறது, ஆனால் கன்வெர்ட்டர் அதை மின்தொகுப்பின் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது. வகை 3-லும் கட்டுப்பாட்டு முறை அதையே செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், பழைய வகை 1 நேராக இணைந்திருப்பதால் கேட்காமலே நிலைமத்தைக் கொடுத்துவந்தது.

மறைந்ததைக் கட்டுப்பாட்டு முறையால் மீட்கலாம். அதிர்வெண் விழும்போது சில விநாடி கூடுதல் திறனை ரோட்டாரிலிருந்து உறிஞ்சச் சொல்லலாம். கியூபெக் மாகாணம் 2000-களிலேயே காற்றாலைகளிடம் இதைக் கேட்கத் தொடங்கியது. ஆனால் இது கடன். 80 சதவீத வேகத்தில் ஓடும், நிலைம மாறிலி 5 விநாடி உள்ள காற்றாலையிடமிருந்து 10 சதவீதக் கூடுதல் திறனை 10 விநாடி எடுத்தால், வேகம் 66 சதவீதத்துக்கு இறங்கும். வேகம் குறைந்த இறக்கை காற்றைப் பிடிப்பதும் குறையும். பிறகு வேகத்தை மீட்க உற்பத்தியைக் குறைத்தாக வேண்டும், அந்த நேரத்தில் அதிர்வெண் இரண்டாம் முறை சரியலாம். ஆகவே மீட்பைப் படிப்படியாக, பண்ணைக்குப் பண்ணை நேரம் மாற்றி அமையுங்கள். நீடித்த உதவி வேண்டுமென்றால் முன்கூட்டியே உற்பத்தியைக் கொஞ்சம் குறைத்து ஓட்டி இருப்பு வைக்க வேண்டும், அல்லது மின்கலம் சேர்க்க வேண்டும்.

கழலும் எல்லைகளையும் சரிபாருங்கள். 2006 நவம்பர் 4 அன்று ஐரோப்பிய மின்தொகுப்பு மூன்று துண்டாகப் பிரிந்து, மேற்குத் துண்டில் அதிர்வெண் சுமார் 49 ஹெர்ட்ஸுக்கு இறங்கியபோது, 49.5-ல் கழலும்படி பழைய விதிப்படி அமைத்திருந்த காற்றாலைகள் வரிசையாகக் கழன்று நிலைமையை மோசமாக்கின. அதிர்வெண் மாறும் வேகத்தைப் பார்த்துக் கழலும் ரிலேயின் அளவையும் விட்டுவிடாதீர்கள்.

ஆறாம் படி: அலைவுகளைத் தேடுங்கள்

என் கருத்தில் இன்று மிகுந்த கவனம் வேண்டிய இடம் இது. நீண்ட லைன்களின் ரியாக்டன்ஸை ஈடுகட்டத் தொடராக கெப்பாசிட்டர் வைப்பது வழக்கம். லைனின் ரியாக்டன்ஸும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் ஓர் இயல்பு அதிர்வெண் பிறக்கும். 50 ஹெர்ட்ஸ் தொகுப்பில், மொத்த ரியாக்டன்ஸில் பாதியை ஈடுகட்டினால் அது சுமார் 35 ஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் வகை 3-ன் ரோட்டார் காந்தப்புலத்தை முந்தி ஓடுவதால் எதிர்மறை மின்தடைபோல நடந்துகொள்ளும். கன்வெர்ட்டரின் வேகமான கரண்ட் கட்டுப்பாடு அந்த எதிர்மறையை இன்னும் பெரிதாக்கும். லைனின் மின்தடையை அது மிஞ்சினால் அலைவு தேயாது, வளரும். 2009 அக்டோபரில் டெக்சாஸில் ஒரு லைன் கழன்றதால் காற்றாலைப் பண்ணைகள் தொடர் கெப்பாசிட்டர் உள்ள 345 கிலோவோல்ட் லைனின் வால்முனையில் தனித்து நின்றுவிட்டன. அலைவு சட்டென்று வளர்ந்தது. குரோபார் சுற்றுகள் சேதமடைந்தன.

கெப்பாசிட்டர் இல்லாவிட்டால் தப்பித்தோம் என்று எண்ண வேண்டாம். 2015 ஜூலையில் சீனாவின் சின்ஜியாங்கில், வகை 4 காற்றாலைகளும் பலவீனமான மின்தொகுப்பும் சேர்ந்து அலைவைப் பிறப்பித்தன. தொலைவில் இருந்த அனல் நிலையத்தின் டர்பைன் தண்டுகள் முறுக்கு அதிர்வுக்கு ஆளாகி அங்கே யூனிட்டுகள் நின்றன. 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் ஒரு லைனில் இடி விழுந்ததும், ஹார்ன்சீ கடல் பண்ணையின் ரியாக்டிவ் பவர் கட்டுப்பாட்டில் அலைவு எழுந்து 737 மெகாவாட் குறைந்தது. ஒரு எரிவாயு நிலையமும் கூடவே கழன்றது. அதிர்வெண் 48.8 ஹெர்ட்ஸுக்கு விழுந்து, சுமார் 11 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. பின்னர் பண்ணையின் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றினார்கள்.

செய்ய வேண்டியது: இணைப்புப் புள்ளியிலிருந்து இரு பக்கமும் பார்த்து, 1 ஹெர்ட்ஸ் முதல் சில நூறு ஹெர்ட்ஸ் வரை இம்பீடன்ஸை அலசுங்கள். மொத்த ரியாக்டன்ஸ் பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் மொத்த மின்தடை எதிர்மறையாக இருந்தால் அங்கே ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு லைன் அணைப்புக்கும், 10 காற்றாலை மட்டும் ஓடும் குறைந்த காற்று நிலைக்கும் இதைத் திரும்பச் செய்யுங்கள். வகை 3-க்குக் குறைந்த காற்றில்தான் ஆபத்து கூடுதல்.

தீர்வுகளில் மலிவானது கட்டுப்பாட்டு அளவுகளை மாற்றுவது. போதாவிட்டால் சிங்க்ரோனஸ் கண்டென்சர்: எரிபொருள் இல்லாமல் வெறுமனே சுழலும் பெரிய சிங்க்ரோனஸ் இயந்திரம், வலுவும் நிலைமமும் தரும். தெற்கு ஆஸ்திரேலியா 2021-ல் நான்கை நிறுவியது. இன்னொரு வழி கிரிட்-ஃபார்மிங் கன்வெர்ட்டர். அது மின்தொகுப்பின் கோணத்தைத் துரத்தாமல், தானே ஒரு மின்னழுத்தத்தை வைத்துக்கொண்டு சிங்க்ரோனஸ் இயந்திரம்போல நடக்கும். ஸ்காட்லாந்தின் டெர்சலாக் என்ற 69 மெகாவாட் பண்ணையை 2019-ல் இந்த முறையில் ஓட்டிப் பார்த்தார்கள். கரண்ட் எல்லை மட்டும் மாறவில்லை; எல்லையைத் தொட்ட பிறகு அது எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

ஏழாம் படி: மாதிரியைத் தேர்ந்தெடுங்கள்

இவ்வளவும் தெரிந்த பிறகு கணினிக்கு வாருங்கள். ஆர்எம்எஸ் மாதிரி அலைவடிவத்தை விட்டுவிட்டு அதன் அளவை மட்டும் கணிப்பதால் வேகமானது. பெரிய தொகுப்பின் அதிர்வெண், மின்னழுத்த ஆய்வுக்குப் போதும். ஐஇசி 61400-27 தரநிலை நான்கு வகைகளுக்கும் பொது மாதிரிகளைத் தருகிறது. ஆனால் பிஎல்எல் தடம் புரள்வதையும், 35 ஹெர்ட்ஸ் அலைவையும், குரோபார் பிடிப்பதையும் ஆர்எம்எஸ் மாதிரி சரியாகக் காட்டாது. ஷார்ட் சர்க்யூட் விகிதம் 3-க்குக் கீழே இருந்தாலோ, பக்கத்தில் தொடர் கெப்பாசிட்டர் இருந்தாலோ அலைவடிவத்தையே கணத்துக்குக் கணம் கணிக்கும் இஎம்டி மாதிரி கட்டாயம். அதுவும் களத்தில் ஓடும் அதே மென்பொருளிலிருந்து தயாரிப்பாளர் எடுத்துத் தந்த மாதிரியாக இருக்க வேண்டும். மென்பொருள் பதிப்பின் எண்ணை அறிக்கையில் எழுதுங்கள். பதிப்பு மாறினால் ஆய்வும் திரும்ப வேண்டும்.

எட்டாம் படி: களத்தில் சோதித்துப் பதிவு செய்யுங்கள்

எல்லாக் காற்றாலைகளையும் ஒரே நாளில் இணைக்காதீர்கள். கால்வாசி, பாதி, முழுமை என்று ஏறுங்கள். ஒவ்வொரு நிலையிலும் மின்னழுத்தக் குறியளவை 2 சதவீதம் தட்டிவிட்டு, பண்ணை எப்படி அமைதியடைகிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று அலையில் அடங்க வேண்டும். நீண்ட நேரம் ஆடினால் அங்கேயே நிறுத்தி, மாதிரி அதே ஆட்டத்தைக் காட்டுகிறதா என்று ஒப்பிடுங்கள். காட்டவில்லை என்றால் தவறு மாதிரியில் இருக்கிறது. அதைத் திருத்தாமல் அடுத்த நிலைக்குப் போகக்கூடாது.

இணைப்புப் புள்ளியில் விநாடிக்குச் சில ஆயிரம் மாதிரிகளை எடுக்கும் பதிவுக்கருவி ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும். தொலைக் கண்காணிப்பு அமைப்பான ஸ்காடாவின் விநாடிக்கு ஒரு புள்ளியில் 100 மில்லி விநாடிப் பழுது தெரியவே தெரியாது. கருவிக்கு ஜிபிஎஸ் நேரம் கொடுங்கள், அப்போதுதான் துணைநிலையத்தின் பதிவோடு கோத்துப் பார்க்க முடியும். முதல் உண்மையான பழுது வந்த அன்றே பதிவை இறக்கி, எந்தக் காற்றாலை நின்றது, எது கழன்றது, ரியாக்டிவ் கரண்ட் எத்தனை மில்லி விநாடியில் வந்தது என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். கழன்றது ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அதன் ரிலே அமைப்பை மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். பழுதுபார்ப்பின்போது மாற்றிய கட்டுப்பாட்டுப் பலகை பழைய அமைப்புகளோடே ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் இப்படித்தான் கண்ணில் படும்.